எதிர்ச்சரிவு

மலையடிவாரக் கேட்டைத் தள்ளியதும் அவள் கால்கள் பழக்கத்தில் இடப்பக்கமே திரும்பின. கொஞ்ச தூரம் போனபிறகுதான் நினைவு வந்தது. திரும்பி வந்து வலப்பக்கப் பாதையில் ஏறத் தொடங்கினாள்.

காலையில் கட்டிலில் கிடந்தபடி கணவர்தான் விரட்டியிருந்தார். "இங்க உக்காந்து என் மூச்சையே பார்த்துட்டு இருக்காத. மலைக்குப் போயிட்டு வா. அரை நாள்தானே, அதுக்குள்ள எங்க ஓடிப் போயிடப் போறேன்?"

"தனியாவா?"

"எப்பவும் தனியாத்தானே ஏறுவ. ஒண்ணு மட்டும், இன்னைக்கு என் பக்கமா ஏறு. என்ன பார்த்தேன்னு வந்து சொல்லணும்."

போய்விட்டு வா என்று மகளும் கண்ணைக் காட்டினாள். டாக்டர் சொன்ன கணக்குப்படி இன்னும் சில நாட்கள் மிச்சமிருந்தன.

மலையைச் சுற்றி வர அரை நாள் ஆகும். கேட்டிலேயே பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் செங்குத்தான புல்சரிவு. வலப்பக்கம் மரங்களுக்குள் வளைந்து போகும் சாய்வு. இரண்டும் உச்சியில் போய்ச் சேரும். கல்யாணமான புதிதில் முதல்முறை வந்தபோதே எந்தப் பக்கம் ஏறுவது என்று தகராறு. கஷ்டத்தை முதலில் முடித்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி. அவர் படகு எஞ்சின் மெக்கானிக். எதையும் மெல்லச் சூடேறவிட்டுத்தான் முடுக்குவார். இரண்டு பேருமே இறங்கி வருகிற ஜாதி இல்லை. ஆளுக்கொரு பக்கம் ஏறி, உச்சியில் சந்தித்து, பிளாஸ்க் டீயைப் பங்குபோட்டுக் குடித்தார்கள். பிறகு அவர் ஏறிய வழியாக அவளும், அவள் ஏறிய வழியாக அவரும் இறங்கினார்கள். வீம்புக்கு ஆரம்பித்தது ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிப்போனது. "ஒண்ணா வாக்கிங் போறோம்னு சொல்லி ஊரை ஏமாத்துறாங்க" என்று அவள் தம்பி கேலி செய்வான்.

அவளுக்குத் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. அதனால் அவருக்கு அவள் மேடம்.

"என்ன மேடம், நடுவுல ஷூவைக் கழட்டிக் கல்லைத் தட்டினீங்க போல?" என்பார், டீயை ஊதிக்கொண்டே.

"யார் சொன்னா?"

"ஜோசியம்."

இன்னொரு வாரம், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டதைச் சொல்வார். முகத்தைப் பார்த்து அடித்துவிடுகிறார் என்று நினைத்துக்கொள்வாள். அப்படியெல்லாம் இல்லை என்று சாதிப்பாள்.

இந்த வழியில் அவள் இறங்கித்தான் பழக்கம். வேரும் கூழாங்கல்லுமாகக் கிடக்கும் பாதையில் காலைப் பார்த்து இறங்கவே சரியாக இருக்கும். ஏறும்போது தலை தானாக நிமிர்ந்தது. உச்சியை நெருங்குகிற கடைசி வளைவில் மரங்கள் விலகி வழிவிட்டன. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய புல்சரிவு அடியிலிருந்து நுனிவரை வெட்டவெளியாகக் கிடந்தது. அதற்குப் பின்னால் கழிமுகம். நீர் வடிந்து, மணல் திட்டுகள் ஈரமாக மின்னின. அதற்கும் அப்பால் நீல மலைகள். சரிவில் யாரோ ஒருவர் தனியாக ஏறிக்கொண்டிருந்தார். நின்றார், இடுப்பில் கை வைத்தார், கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் தெரிந்தது.

அங்கிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் வெறும் இருட்டு மரங்கள்தான். எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள்.

"ஜோசியமாம் ஜோசியம்" என்றாள் வாய்விட்டு.

அதன்பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அவள் இந்த வளைவில் இறங்கும் நேரத்தில் அவர் அந்தச் சரிவில் இறங்கிக்கொண்டிருப்பார். இந்த இடைவெளி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒரு வாரமாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். அந்த நடையை, அந்த மனிதர் தனியாக நடக்கிற நடையை, தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

முடியாது. ஆனால் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லலாம். கள்ளத்தனமாகச் சிரிப்பார், அதைக் காதால் கேட்டாலும் போதும். மரங்களுக்குள் சிக்னல் இல்லை. உச்சியில் கிடைக்கும். மூச்சு வாங்க ஏறினாள்.

உச்சியில் போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது. மகள்.

"அம்மா."

"அப்பாகிட்ட குடு. ஒண்ணு சொல்லணும்."

மகளுக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"தூங்கிட்டுத்தாம்மா இருந்தார். நான் தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

காற்று போனுக்குள் இரைந்தது. அவள் இன்னொரு கையால் காதைப் பொத்திக்கொண்டாள், ஏதோ சரியாகக் கேட்காததுபோல.

"அம்மா, இருக்கியா? எங்க இருக்க?"

"மேல."

"எந்த வழி கிட்டமோ அதுல வந்துடும்மா."

"ரெண்டும் ஒரே தூரம்தான்" என்றாள்.

போனைப் பையில் வைத்துவிட்டுப் புல்சரிவுப் பக்கம் நடந்தாள். ஏறி மட்டுமே பழகிய வழி. இறங்கும்போது கழிமுகம் முழுவதும் கண்ணுக்கு எதிரே விரிந்து கிடந்தது. இதைத்தான் அவர் ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

பாதி வழியில் முள்புதர் வரிசை ஒன்று தொடங்கியது. அதன் மறைவில் நிழலாக ஒரு தடம் போனது. வெயில் உச்சந்தலையில் அடித்தது. அவள் புதருக்கு வெளியே, எதிரே மரங்களுக்குள் இருக்கும் அந்த வளைவிலிருந்து தெரிகிற பக்கமாகவே, மெதுவாக இறங்கினாள்.