கொஞ்சம் ஒதுங்குங்க

துறைமுகத்தில் அடிபட்ட கன்டெய்னர்களைப் படமெடுத்து இன்சூரன்ஸுக்கு அனுப்புவது வில்சனின் வேலை. நசுங்கிய மூலை, கிழிந்த தகடு, துருப்பிடித்த கதவு. படத்தில் ஆள் விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் “கொஞ்சம் ஒதுங்குங்க” என்பது அவர் வாயில் ஊறிப்போன சொல்.

கல்யாணத்துக்கு முன்பு ராயபுரம் தெருக்களில் அவர் மனிதர்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். அதை மறக்காத மனைவி ஆலிஸ், சர்ச் ஹாலில் நடக்கவிருந்த படக் கண்காட்சிக்கு அவரைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு படம், திங்கட்கிழமைக்குள்.

“பழசு வேணாம். இப்ப எடுத்தது வேணும். இல்லன்னா அந்த கேமராவை இனிமே நான் தொடச்சி வெக்கமாட்டேன்.”

இன்னும் தனக்கு அது வருமா என்று வில்சனுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பி, அங்கங்கே எடுத்தபடி திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம் ஒன்றுக்கு வந்தார். அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய பாறைகளுக்கு இந்தப் பக்கம் வரிசையாக வீடுகள். நீலக் கதவு, அதன் மேல் பெயின்ட்டில் எண், படியில் காயும் வலை. வாசலில் ஒரு பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் ஒதுங்குங்கம்மா.”

அவள் ஒதுங்கினாள். அடுத்த வாசலில் சீட்டாடியவர்களும் ஒதுங்கினார்கள். மூன்றாவது வீட்டுக்கு அவர் போவதற்குள் தெருவே வெளியே வந்து நின்றது.

“இன்னா சார், அளவெடுக்கறவங்க பின்னாடி வந்துகினு கீறாங்களா?” மீன் கழுவிய ராமசெல்வி வழியை மறித்தாள். கையில் இன்னும் செதில்.

“அளவா? சும்மா படம் புடிக்கிறேன்மா. நானும் ராயபுரம்தான்.”

“பின்னாடித் தெருவுலயும் ஒருத்தன் சும்மாதான் வந்தான். ஆளை ஒதுங்கச் சொல்லிட்டு கதவை மட்டும் புடிச்சான். அப்பால யாரும் குடியில்லாத வூடுன்னு சொல்லி இடிச்சிட்டாங்க. காமி பாக்கலாம்.”

காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

“இன்னா நைனா இது? ஊரே காலி பண்ணிட்டு ஓடன மாதிரி கீது.”

சீட்டைக் கையில் பிடித்தபடி ராசையா எட்டிப் பார்த்தார். “எழவு வூட்ல கூட நாலு பேரு இருப்பாங்களே, மாமு!”

எல்லோரும் சிரித்தார்கள். வில்சன் காலையிலிருந்து எடுத்ததையெல்லாம் பின்னோக்கி நகர்த்தினார். டீக்கடை பெஞ்சு, மீன்பாடி வண்டி, மாதா கோயில் படி. எதிலும் ஆளில்லை. எல்லாம் கன்டெய்னர் படங்கள்.

அந்தத் தெருவின் படங்களை அவள் கண்ணெதிரிலேயே அழித்தார். “நீங்க நின்னா எடுக்கறேன். வேணாம்னா போறேன்.”

ராமசெல்வி யோசித்தாள். “நிக்கறோம். கதவு நம்பரும் வரணும். எனக்கு போன்ல அனுப்பணும். எவனாவது குடியில்லாத வூடுன்னு வந்தான்னா மூஞ்சிக்கு நேரா காட்டுவேன்.”

பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு பவுடரோடு வந்தாள். ராசையா சட்டையை மாட்டிக்கொண்டார். எல்லோரும் அவள் வீட்டு வாசலில் கைகளைத் தொங்கப்போட்டு மூச்சைப் பிடித்து நின்றார்கள். எடுத்தார். ரேஷன் கார்டுக்கு எடுத்தது மாதிரி இருந்தது. கேட்டதைக் கொடுத்தாயிற்று, தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று நினைத்தார்.

“அய்யய்யோ, வவ்வாலு!”

கழுவி வைத்த வவ்வால் மீன் பூனையின் வாயில் இருந்தது. ராமசெல்வி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். சிரிப்பில் யாரோ சுவரில் சாய்ந்தார்கள். சீட்டுகள் பறந்தன. ராசையா குறுக்கே பாய்ந்தார். “ஒதுங்…” என்று தொண்டை வரை வந்ததை வில்சன் விழுங்கிவிட்டு ஷட்டரை அழுத்தினார்.

ராசையாவின் பாதித் தோள் ஓரத்தை மறைத்திருந்தது. இன்சூரன்ஸில் நிச்சயம் திருப்பி அனுப்புவார்கள்.

“இத்த சர்ச் ஹால்ல மாட்டலாமா?” என்று ராமசெல்வியிடம் நீட்டினார்.

“கலீஜா கீறேனே! நம்பர் தெரியுதா?”

பெரிதாக்கிக் காட்டினார். அவளுடைய பறக்கும் முந்தானைக்கு மேலே எண் தெளிவாகத் தெரிந்தது.

“அப்ப சரி. ரெண்டையும் அனுப்பு.”

அனுப்பினார். பஸ் ஸ்டாப்புக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் எண்ணூர் பக்கமாக நடந்தார். கேமராவின் மூடி சட்டைப்பையிலேயே இருந்தது.