கார்த்திகைக் கடைசியில் காய்ச்சிய பால்

கார்த்திகை கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் மார்கழி. மார்கழியில் வாடகை வீட்டுக்குக்கூட யாரும் குடி போகமாட்டார்கள், வீட்டுக்காரரும் விடமாட்டார். அதற்கு முன்னால் வந்து பால் காய்ச்சிவிட்டால் போதும், குடி வந்த கணக்கு. அப்புறம் சாமான் எப்போது வந்தாலும் குற்றமில்லை. புஷ்பத்துக்கு அன்று பொழுது சாய்வதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும். தவறினால் தை வரைக்கும் இரண்டு பெண் பிள்ளைகளோடு தெருதான்.

அவள் அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். அசோக் நகரில் குடியிருந்த போர்ஷனை இடித்து ஃபிளாட் கட்டுகிறோம் என்று காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகளோடு தரமணியில் தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டாள். ஒரே அறை. தங்கை புருஷன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், பிறகு வாயைத் திறந்தே சொல்லிவிட்டான், இந்த ஞாயிறோடு சரி என்று. குடிகாரப் புருஷனை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வீடு பார்க்கப் போன இடமெல்லாம் உன் வீட்டுக்காரர் என்ன பண்றார் என்பதுதான் முதல் கேள்வி. பதிலைக் கேட்டதும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடை மாடியில் ‘அண்டை’ என்று ஒரு அறக்கட்டளை நடக்கிறது. வீடிழந்து நிற்கிற குடும்பங்களுக்கு வீடு தேடிக் கொடுத்து, முன்பணத்தையும் கட்டி, குடியேற்றிவிடுவது அவர்கள் வேலை. வார நாளில் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் மற்ற நாளில் இங்கேயுமாக ஓடுகிற மதுவந்திதான் கோட்டூர்புரத்தில் சுப்புராயன் வீட்டுப் பின்கட்டு அறையைப் பிடித்தாள். போனில் ஒரு குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகள் என்று மட்டும் சொன்னாள். தாயும் இரண்டு பெண்களும் குடும்பம் இல்லாமல் வேறென்ன?

சாமான் ஏற்ற வந்தவன் தங்கவேல். தி. நகரில் ஜவுளிக்கடைகளுக்குத் துணி மூட்டை அடிக்கிற, மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியையும் உடம்பையும் அண்டைக்குக் கொடுத்துவிடுவான், பெட்ரோல்கூடக் கேட்கமாட்டான். ஸ்டாண்டில் மற்ற வண்டிக்காரர்கள் “இன்னா நைனா, இன்னிக்கு எந்த வார்டுல சமூக சேவை?” என்று ஓட்டுவார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். உண்மையில் அந்தக் கிண்டல் அவனுக்குப் பிடிக்கும்.

அன்று காலையிலிருந்தே தூறல். பீரோ, பாத்திர மூட்டை, அடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் தார்ப்பாயில் கட்டிக்கொண்டு அவன் கோட்டூர்புரம் வந்து சேர்ந்தபோது புஷ்பம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் மாற்று ஆள் வராமல் மேஸ்திரி விடவில்லையாம். முன்னே போய் நில்லுங்கண்ணே, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னாள். மதுவந்தி சைதாப்பேட்டையில் வேறொரு குடும்பத்தோடு மாட்டிக்கொண்டிருந்தாள்.

சுப்புராயன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்து, இந்த வீட்டைக் கட்டியவர். நாலரைக்கு ராகு காலம், அதற்குப் பிறகு இந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது, அறையைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் அலைகிறார்கள் என்றார்.

மூட்டை அடிக்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை வந்து சரக்கு நனைகிறது என்றால் முதலாளி வரட்டும் என்று நிற்கமாட்டான். இறக்கி உள்ளே போட்டுவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்வான். தங்கவேலுக்கு இதுவும் அப்படித்தான் பட்டது. தார்ப்பாயை விலக்கி அடுப்பையும் சிலிண்டரையும் பின்கட்டு அறையில் இறக்கினான். முனைக் கடையில் ஒரு பாக்கெட் பாலும் சூடமும் வாங்கி வந்தான். கைகால் கழுவிக்கொண்டு, சூடம் ஏற்றி, பாலை வைத்தான். அது கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. சுப்புராயன் முகம் மலர்ந்துவிட்டது.

வீட்டுக்காரம்மா வரவில்லையா என்று கேட்டார். டூட்டியில கீறாங்க சார், வந்துடுவாங்க என்றான். வண்டி சொந்த வண்டியா என்றார். சொந்தம் என்றான். குடி உண்டா என்றார். இல்லை என்றான். இப்படிப்பட்ட ஆள்தான் ரெண்டு பெண் பிள்ளையைக் கரையேத்த முடியும் என்று அவர் தோளில் தட்டியபோதுதான் தங்கவேலுக்கு உறைத்தது. சொல்ல வாயெடுத்தான். சொன்னால் பால் பொங்கியது வீணாகிவிடுமோ என்று மூடிக்கொண்டான். அவள் வந்தால் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

தெரியத்தான் செய்தது. புஷ்பம் நனைந்துகொண்டு பிள்ளைகளோடு உள்ளே நுழைந்ததும் சுப்புராயன் மனைவி டம்ளரை நீட்டினாள். “உம் வீட்டுக்காரர் எல்லாம் முறையா செஞ்சுட்டாரும்மா. மொதல்ல அவருக்குக் குடு.”

பெரிய பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். புஷ்பம் சிரிக்கவில்லை. தங்கவேலை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தார்ப்பாய்க் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான்.

“இவரு வண்டிக்காரரும்மா. அண்டையில இருந்து சாமான் ஏத்திக்கினு வந்தவரு. எனக்கு வீட்டுக்காரரு இல்ல.”

சுப்புராயன் உடனே மதுவந்திக்குப் போன் போட்டார். பொம்பளை தனியாக இருப்பதை ஏன் மறைத்தாய் என்று அவர் சத்தம் போட, அவள் மழுப்பவில்லை. முழுசாகச் சொல்லாதது தப்புதான் என்றாள். சொல்லியிருந்தால் கொடுத்திருப்பீர்களா என்றும் கேட்டாள். அவர் போனை வைத்துவிட்டார்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பால் காய்ச்சியவன் எவனோ அவன்தான் குடி வந்தவன். வீடு தங்கவேல் பேரில் இருக்கட்டும். நாளைக்கு ஒன்றென்றால் அவனைத்தான் கேட்பேன் என்றார்.

கோட்டூர்புரத்தில் ஒரு பொம்பளைக்குத் தன் பேரில் வீடு எடுத்திருக்கிறான் என்று தெரிந்தால் அவன் பெண்டாட்டி சந்திரிகா வண்டியை அவன் மேலேயே ஏற்றிவிடுவாள். வண்டி கொடுப்பது வேறு, பேரைக் கொடுப்பது வேறு என்று அந்த நேரத்தில் அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் தன்னால் வந்த வினை. “போட்டுக்குங்க சார்” என்றான்.

“வேணாண்ணே” என்றாள் புஷ்பம். சுப்புராயன் பக்கம் திரும்பினாள். “ஒரு ஆம்பள பேருக்குக் கீழ இருந்து பட்டது போதும் சார். குடுத்தா எம்பேர்ல குடுங்க. இல்லன்னா ஏத்திக்கினு போறேன். ஆனா இன்னிக்கு ராகு காலம் வந்துடுச்சு, நாளைக்கு மார்கழி. நான் போயிட்டா இந்த ரூம் தை வரைக்கும் பூட்டித்தான் கிடக்கும். கேட்டுக்கினு இருந்த ரெண்டு பேரும் அதுக்குள்ள வேற வீடு பாத்துடுவாங்க.”

அவள் குரல் உயரவில்லை. போவதற்கு இடமில்லை என்பது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், சின்னப் பெண் உட்பட. அது அம்மாவின் புடவையைப் பிடித்த பிடியை விடவில்லை.

சுப்புராயன் கணக்குப் பார்த்துப் பழகியவர். பூட்டிக் கிடக்கிற அறை அவர் முகத்தில் தெரிந்தது. அவர் மனைவி, பொங்கின பாலைக் கொட்டவா முடியும் என்று முணுமுணுத்தாள்.

தை பிறக்கிற வரைக்கும் இரு, தெருவில் ஒரு பேச்சு கிளம்பினாலும் அன்றைக்கே காலி, அதற்கு மேல் தையில் பார்க்கலாம் என்றார் அவர். புஷ்பம் தலையாட்டினாள். “ரசீது எம்பேர்ல சார்” என்றாள். அவர் முனகிக்கொண்டே பேனாவை எடுத்தார்.

வெளியே வண்டியருகில் தங்கவேல் பீரோவின் கயிற்றை அவிழ்த்தான். அவசரத்தில் செய்துவிட்டேன் என்று இழுத்தான்.

“கேட்டிருந்தா நானே காய்ச்சுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். யாருன்னு சொல்லிட்டுக் காய்ச்சுங்கன்னு சொல்லியிருப்பேன், அவ்ளோதான்” என்றாள் அவள். “சரி, இறக்கலாம் வாங்க.”

பாத்திர மூட்டையைப் பெரியவள் தூக்கிக்கொண்டு போனாள். பீரோவுக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. சுப்புராயன் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். புஷ்பம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கனமான பக்கத்தைப் பிடித்தாள்.