வலப்பக்கச் சக்கரம்

மூன்றாவது சட்டையையும் விரித்துப் பார்த்துவிட்டு அவள் திரும்ப மடித்தாள். அதிலும் கறை. போட்டுவிடுவதற்கு நல்ல சட்டையாக ஒன்று எடுத்துக் கொடு என்று நாத்தனார் சொல்லியனுப்பியிருந்தாள். நல்ல சட்டைக்கு அவள் எங்கே போவாள்? கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் வழியில் நின்றுபோன யாருடைய வண்டிக்காவது அடியில் படுத்து எழுந்துவிட்டுத்தான் வருவார் அந்த மனிதர். துவைத்துத் துவைத்து அவள் கை தேய்ந்ததே ஒழிய கிரீஸ் கறை தேயவில்லை. கடைசியில், மடித்துவிட்டால் கறை தெரியாத முழுக்கைச் சட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தனுப்பினாள்.

விடியும் நேரத்தில் அவருக்கு மூச்சு நின்றிருந்தது. மாதக்கணக்கில் இருமல். மாதக்கணக்கில் அவளுக்கும் தூக்கமில்லை. வந்தவர்கள் எல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம்தான் வந்தது. அலமாரிக் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். இப்படியும் ஒரு பெண்பிள்ளையா என்று தன்மேலேயே ஆத்திரமாக இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

அந்த அறையின் ஜன்னல் பெரிய ரோட்டைப் பார்த்தது. ரோட்டில் வேகமாக வந்த கார் ஒன்றின் எஞ்சின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ வாயைத் திறக்காமல் முனகுவதுபோல, விடாமல் வந்தது. கார் வேகத்தைக் குறைக்கக் குறைக்க முனகலும் இறங்கி, வாசல் பக்கம் திரும்பி நின்றதும் அடங்கிப்போயிற்று. வீல் பேரிங். தேய்ந்துபோன பேரிங். அவள் எட்டிப் பார்த்தாள். வாடகை வண்டிக்காரரின் வெள்ளைக் கார். அவளுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

அவள் கணவர் கடைசியாகக் கைவைத்த வண்டி அது. முன்சக்கரத்துப் பேரிங் மாற்றி நேற்றுத்தான் கொடுத்தனுப்பினார்.

ஊரில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். மெக்கானிக் என்று யாரும் சொல்வதில்லை. பானெட்டைத் திறக்காமலே, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்ன பக்கம் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மற்ற பட்டறைகளில் நான்கு சக்கரத்தையும் கழற்றிப்போட்டுத் திண்டாடுகிறவர்கள்கூடக் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்து இருக்கையில் அவள் இருப்பாள். அதுவும் ஊரறிந்த விஷயம்தான். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத பெண் ஊரில் உள்ள அத்தனை காரிலும் ஏறிவிட்டாள் என்று நாத்தனார் சொல்லாத நாளில்லை. கிழவனுக்குக் கிழவியை விட்டுப் பிரிய மனமில்லை என்று தெருவே சிரிக்கும். அவளும் சிரித்துவைப்பாள்.

வாசலில் கொழுந்தன் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பட்டறையில் அண்ணன் காட்டிய இடத்தில் அடிப்பதும் கழற்றுவதும் மாட்டுவதும் அவன் வேலை. அவள் கதவோரம் நின்று கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி? காப்பி ஏதாவது குடிச்சீங்களா?"

"அந்த வண்டியா போகுது, பொண்ணைக் கூட்டிட்டு வர?"

"ஆமா. மத்தியானத்துக்கு மேல ஜங்ஷனுக்கு வந்துடுவாளாம். இப்பக் கிளம்பினாத்தான் இருட்டறதுக்குள்ள திரும்ப முடியும். அண்ணன் பாத்த வண்டி, கண்ணை மூடிட்டுப் போகலாம்."

"அது போக வேண்டாம் தம்பி. பேரிங் சத்தம் போடுது."

அவன் அவளைப் பார்த்தான். புருஷனைப் பறிகொடுத்தவள் என்ன பேசினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிற பார்வை. "இடது சக்கரம் அண்ணி. நானேதான் மாட்டினேன். புது பேரிங்."

"இடது பக்கம் சத்தம் போடல. வலது பக்கம்."

"நீங்க உள்ள போய்க் கொஞ்சம் படுங்க."

படுக்கத்தான் அவளுக்கும் ஆசை. கால் இரண்டும் வேறு யாருடையவோபோல இருந்தன. ஆனால் அந்தக் கார் மகளை ஏற்றிக்கொண்டு அந்த நீள ரோட்டில் அத்தனை வேகத்தில் வரும். பேரிங் முழுக்கப் போனால் சக்கரம் சிக்கிக்கொள்ளும், சில சமயம் கழன்றே ஓடும். அவள் படியிறங்கி வண்டிக்காரரிடம் போனாள்.

"அண்ணே, வண்டில சத்தம் நின்னுடுச்சா?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இருக்குதும்மா. நேத்து எடுக்கும்போதே சொன்னேன். கொஞ்சம் ஓடினா அடங்கிடும்னாரு. அவரே சொன்னதுக்கப்புறம் நான் என்னத்தைப் பேசறது? இன்னிக்கு வந்து இதைக் கேக்கவும் வாய் வரல."

கொஞ்சம் ஓடினால் அடங்கிவிடும். வேலை தெரியாதவன் சொல்கிற வார்த்தை அது. அந்த வார்த்தையைச் சொல்கிறவர்களைக் கண்டாலே அவள் கணவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரே அதைச் சொல்லியிருக்கிறார் என்றால், காதில் ஒன்றும் விழாமல், வேறு வழியில்லாமல், சமாளித்திருக்கிறார். அவர் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்த நேரத்தில் அவள் பரிசோதனை முடிவு வாங்க ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்தாள்.

அவள் முன்கதவைத் திறந்து இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தாள். "தம்பி, ஒரு சுத்து ஓட்டுங்க."

நாத்தனார் வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். "என்னடி இது அநியாயம்! உள்ள அவன் கிடக்கறான், நீ கார் ஏறி எங்கடி போறே?"

"இதோ வந்துடறேன்."

நாற்காலிகளில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. இந்த மானக்கேட்டைச் சீக்கிரம் முடித்தால் போதும் என்று கொழுந்தன் ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

பெரிய ரோட்டில் வண்டி வேகம் பிடித்ததும் முனகல் கிளம்பியது.

"டயர் சத்தம் மாதிரிதானே இருக்கு" என்றான் அவன்.

"லேசா இடது பக்கம் ஒடிங்க." ஒடித்தான். முனகல் ஓங்கி, தரையெல்லாம் அதிர்ந்தது. "இப்ப வலது பக்கம்." முனகல் தணிந்து, கிட்டத்தட்ட நின்றேபோனது.

அதற்குமேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வண்டியை இடப்பக்கம் ஒடித்தால் பாரமெல்லாம் வலச்சக்கரத்தில் போய் உட்காரும். கோளாறு அதில் இருந்தால் அப்போது கத்தும். பட்டறையில் அண்ணன் சொல்லக் கேட்டதுதான். ரோட்டோரம் நிறுத்திவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் எப்படி இதைக் கோட்டை விட்டாரு?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உடம்பு முடியாம தடுமாறிட்டாரு போல" என்று அவனே சொன்னான். அதோடு விட்டிருந்தால் அவளும் விட்டிருப்பாள். அவன் விடவில்லை. "அப்படின்னா இதுக்கு முன்னாடி பாத்தாரே, மத்த வண்டியெல்லாம்? எது எது எந்த லட்சணத்துல ஓடுதோ! ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுச் சொல்லியாகணும் அண்ணி." பையிலிருந்து போனை எடுத்துவிட்டான்.

செய்யக்கூடியவன்தான். பயந்த சுபாவம், ஆனால் நாணயமானவன். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், பாம்புச்செவி பார்த்த வண்டியெல்லாம் சந்தேகம் என்று. அவர் செய்யாத தப்பெல்லாம் அவர் தலையில் விழும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் நடக்கும்.

"போனை வைங்க தம்பி. மத்த வண்டியெல்லாம் சரியாத்தான் இருக்கும். அதுல எல்லாம் நான் இருந்தேன்."

"நீங்க இருந்தா?"

"நான்தான் கேட்டேன். எந்தப் பக்கம்னு நான்தான் சொன்னேன்."

அவன் விழித்தான். அவள் எதிரே இருந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் பட்டறைக்கு வந்து சேருவதற்கு முந்தைய கதை அது. காற்றடிக்கும்போது லாரி டயர் ஒன்று வெடித்தது. அவருடைய வலது காது அன்றைக்கே போய்விட்டது. ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது, எல்லாம் கேட்கிற காதின் பக்கமே இருப்பதாகத் தோன்றும். பிறகு அந்த இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானது. அதனால்தான் அவளைக் கூடவே ஏற்றிக்கொண்டார். வண்டியின் சொந்தக்காரர் பின்னால் உட்கார்ந்திருப்பார் என்பதால் வாயால் சொல்ல முடியாது. இடப்பக்கம் என்றால் கதவோரம் கைவைப்பாள், வலப்பக்கம் என்றால் கியர் ஓரம். திரும்பி வந்து, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, அதற்கு மேலிருக்கும் ஸ்பிரிங்கில் கைவைத்துப் பார்ப்பார். உள்ளே நரநரப்பு இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

"மருந்து ஏத்த ஆரம்பிச்சதும் விரல் நுனியும் மரத்துப்போச்சு" என்றாள். "சட்டைப் பட்டனே போட வராது. நேத்து நானும் கூட இல்ல. அவர் என்னதான் பண்ணுவார்?"

கொழுந்தன் போனைப் பையில் போட்டான். ஒரு லாரி கடந்துபோய் வண்டி ஆடியது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்குத்தான் தெரியவே கூடாதுன்னார். எங்கண்ணன் எங்கண்ணன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவியே, அதனால." அவளையறியாமல் நீ என்று பேசியிருந்தாள். கொழுந்தனை அவள் அப்படிப் பேசியதே இல்லை.

"நானும் எத்தனை கிண்டல் பண்ணியிருக்கேன் உங்களை."

"பண்ணினீங்க."

அவன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். பொழுது சாயும்வரையாவது அந்தப் பெயர் அவரோடு இருக்கட்டும், வண்டிக்காரரிடம் பார்த்துப் பேசு என்று கேட்க அவளுக்கு நாக்குவரைக்கும் வந்தது. கேட்கத் தெம்பில்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது, இனி அவன் பாடு என்று சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலுக்குத் திரும்பியபோது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். குடும்பத்தில் மூத்தவரான சித்தப்பாதான் முதலில் வந்தார். "என்னடா கூத்து இது? வண்டிக்கு என்ன?"

கொழுந்தன் கதவைச் சாத்திவிட்டு, தெருவுக்கே கேட்கிறாற்போலச் சொன்னான். "வலது பேரிங் போயிருக்கு சித்தப்பா. அண்ணன் வலதுன்னுதான் சொன்னாரு. நான்தான் எங்கயோ கவனமா இருந்து இடது பக்கத்தை மாத்திட்டேன்."

காரிலிருந்து இறங்கிய அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடப்பாவி!" என்றார் சித்தப்பா. "பேத்தியைக் கூட்டிட்டு வரப் போற வண்டிடா இது! அவன் சொன்னா சொன்னபடி இருக்கும்டா. உடம்பு முடியாத நேரத்துலயும் சரியாச் சொல்லியிருக்கான் பாரு. அதைக் காதுல வாங்கக்கூட உனக்குத் துப்பில்லையா?"

"வாங்கல சித்தப்பா."

"அவன் கண்ணை மூடின அன்னிக்கே பட்டறை லட்சணம் இப்படின்னா, நாளைக்கு எவன்டா உன்னை நம்பி வண்டியை விடுவான்?"

அதற்கும் அவன் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான். வண்டிக்காரர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். முந்தின நாள் பக்கத்தில் நின்று, இடது பக்கத்தைக் கழற்று என்று அவள் கணவர் சொன்னதைக் கேட்டவர் அவர். அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பரவால்லப்பா, சீக்கிரம் மாத்திக் குடு" என்று சொல்லிவிட்டு வழிவிட்டு நகர்ந்தார்.

வீட்டை ஒட்டிய பட்டறையில் சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. அவள் கணவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்த நேரத்தில் இதென்ன இழவு சத்தம், நிறுத்தச் சொல்லவா என்று நாத்தனார் கேட்டாள். வேண்டாம், முடிக்கட்டும் என்றாள் அவள். அப்போதுதான் அழுகை வந்தது. நாத்தனார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, அழு, நல்லா அழு என்றாள்.

சுத்தியல் நின்ற சற்று நேரத்துக்கெல்லாம் கார் கிளம்பிப் பெரிய ரோட்டில் ஏறியது. அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வண்டி வேகமெடுத்துத் தூரத்தில் மறையும்வரை எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பட்டறை வாசலில், முழங்கைவரை கிரீஸோடு, கொழுந்தன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சரி என்று தலையசைத்தாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். சித்தப்பா விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். உன் அண்ணன் காதில் பாதி உனக்கு இருந்தால்கூடப் பிழைத்துக்கொள்வாயே என்று அவர் சொல்லச் சொல்ல, அவன் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.