முப்பத்தாறு புதினாக் கட்டுகள்

முப்பத்தாறாவது வரியிலும் ‘இல்லை’ என்றே இருந்தது. விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து மறுபடி இறங்கி வந்தேன். பதினான்கு மாதங்கள், முப்பத்தாறு புதினா மாதிரிகள், ஒன்றில்கூடப் பூச்சிமருந்தின் எச்சம் இல்லை. எங்கள் ஆய்வகத்தின் அதே இயந்திரம் அதே மாதங்களில் மிளகாயில் ஒன்பது முறையும் தக்காளியில் நான்கு முறையும் மருந்தைக் கண்டிருக்கிறது. மெக்னெஸ் நகரத்து மக்கள் ஒரு நாளில் தேநீரோடு எவ்வளவு மருந்தைக் குடிக்கிறார்கள் என்று கணக்கிட இந்த எண்கள் போதுமா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. படிவத்தில் பதினொரு கேள்விகள். கடைசியில் ‘போதும்’ அல்லது ‘போதாது’, அதன் கீழே என் கையெழுத்து. வியாழன் நண்பகலுக்குள் தலைநகர் ரபாத்துக்கு அனுப்ப வேண்டும். நான் ‘போதும்’ என்று எழுதினால் அடுத்த மூன்று வருடங்களுக்குப் புதினாவை யாரும் சோதிக்கமாட்டார்கள்.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்க ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது; வரிசையை மாற்றிப் படித்திருக்கலாம். இல்லை. அடுத்து இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். வேண்டுமென்றே மருந்து கலந்து வைத்த புதினாவை அது ஒவ்வொரு முறையும் சரியாகப் பிடித்திருந்தது. மிச்சம் இருந்தவர் ஸி முஃபத்தல். சந்தையிலிருந்து மாதிரி கொண்டுவருபவர், இருபத்தாறு வருடப் பணி, எனக்கு முதல் நாள் நாற்காலி தேடிக் கொடுத்தவர். மாதிரி வந்ததும் எடுக்கும் படங்களை வரிசையாகத் திறந்தேன். முப்பத்தாறு கட்டுகளும் காட்டுப் பனை நாரால் கட்டப்பட்டிருந்தன. சந்தையில் நான் வாங்கும் புதினாவை நீல பிளாஸ்டிக் கயிற்றால்தான் கட்டுகிறார்கள். இவர் சந்தைக்கே போவதில்லை, வீட்டுத் தோட்டத்தில் பறித்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை அவரோடு நானும் கிளம்பினேன்.

அவர் நேராகச் சந்தைக்குத்தான் போனார். அரசு முத்திரை போட்ட சட்டையோடு, புதினாவுக்கு எப்போதும் போகும் பா அல்லால் கடை முன் நின்றார். ஆளுயரத்துக்குப் புதினாக் குவியல், எல்லாம் நீலக் கயிறு. பா அல்லால் எழுந்து, கையை நெஞ்சில் வைத்து வணங்கிவிட்டு, குவியலைத் தொடாமல் பின்னால் கிடந்த ஈரச் சாக்கைத் தூக்கினார். நார் கட்டிய ஒரு கட்டு வெளியே வந்தது.

“இது எங்கேருந்து, பா அல்லால்?” என்று கேட்டேன்.

“கிணத்தோரம் எங்க வீட்டுக்குன்னு வச்சிருக்கேன் மகளே. மருந்து மாயம் கிடையாது. விருந்தாளி வந்தா இதான்.”

“அந்தக் குவியல்?”

“அது விக்கிறது.”

“எங்களுக்கு அதுதான் வேணும்.”

அவர் ஸி முஃபத்தலைப் பார்த்துச் சிரித்தார். “என்னய்யா, பொண்ணு என்னை அசிங்கப்படுத்தப் பாக்குதா? அரசாங்கத்து ஆளு கையில அதைக் கொடுத்தேன்னு நாளைக்கு என் பொண்டாட்டி காதுல விழுந்தா என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?”

“நல்லதைத்தானே கொண்டு போகணும்?” என்றார் ஸி முஃபத்தல், என்னிடம். “வாடினதை மேசையில வச்சா உங்க ஆய்வகத்துல என்னைத்தான் கிண்டல் பண்ணுவாங்க. சீட்டுல என்ன எழுதியிருக்கு? சந்தைன்னு எழுதியிருக்கு. இது சந்தைதானே?”

அவர் முகத்தில் கள்ளம் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

லல்லா வஃபா எங்கள் பிரிவின் தலைவி. சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முப்பத்தாறு எண் இருக்கு ஹஸ்னா. கேட்டது முப்பது.”

“முப்பத்தாறும் பா அல்லால் வீட்டுக்காரங்க குடிக்கிறது, லல்லா. ஊரு குடிக்கிறது ஒண்ணுகூட இல்லை.”

“அது நீ சொல்றது. படத்துல நாரைப் பாத்துட்டு பதினாலு மாசத்தையும் தூக்கிப் போடுன்னா ரபாத்துல சிரிப்பாங்க. முஃபத்தலுக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கு, அதையும் யோசி.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அதே கடை, அதே குவியல். நாளைக்கு ஒரு கட்டு கொண்டு வா. இயந்திரத்துல போடுவோம். அது என்ன சொல்லுதோ அதை எழுது. கொண்டு வரலைன்னா ‘போதும்’னு கையெழுத்துப் போடு.”

புதன் காலை தனியாகப் போனேன், முத்திரை போட்ட சட்டை இல்லாமல். ஆனால் பா அல்லாலுக்கு என்னை அடையாளம் காண என் முகமே போதுமானதாக இருந்தது. குவியலிலிருந்து நானே ஒரு கட்டை எடுத்து இரண்டு திர்ஹாமை நீட்டினேன். அவர் அதை என் கையிலிருந்து மெதுவாகப் பிடுங்கித் திரும்பக் குவியலில் வைத்தார். “உனக்கு விக்க மாட்டேன் மகளே. உக்காரு, தேநீர் குடி.” அந்தக் குரலில் இருந்தது உபசாரமா பயமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. முந்தைய நாள் மாலைக்குள் யாராவது அவரிடம் ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்று யோசித்தேன். ஸி முஃபத்தலா? லல்லா வஃபாவா? பட்டியல் போட ஆரம்பித்த மனதை நிறுத்தினேன்.

கடைக்கு நாலடி தள்ளி நின்றேன். சாம்பல் நிற ஜெலாபா அங்கி அணிந்த ஒரு பெண் குவியலிலிருந்து மூன்று கட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

“அக்கா, அதுல ஒண்ணு எனக்குக் கொடுப்பீங்களா? காசு தர்றேன்.”

“கடை அங்கேயே இருக்கே.”

“எனக்கு அவர் தர மாட்டேங்கிறார்.”

“ஏன்?”

அரசு ஆய்வகம் என்று ஆரம்பித்தேன். மாதிரி என்றேன். மருந்து என்ற சொல்லைச் சொல்லாமல் தாண்டப் பார்த்தேன், முடியவில்லை. ஒன்றும் இருக்காது, சும்மா பார்க்கத்தான் என்று முடித்தேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பா அல்லாலைப் பார்த்தாள். அவர் குவியலின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் பையைத் திறந்து ஒரு கட்டை எடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக மோந்தாள். ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள், வெயிலுக்கு எதிரே பிடித்து மறுபடி பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வந்த இன்னொருத்தி நடப்பதை நிறுத்தி, தன் பைக்குள் கையை விட்டுத் தானும் ஒரு கட்டை எடுத்து மோந்தாள்.