கடைசியில் வரும் சூப்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெலார்மினோ டெல்ஃபினாவின் சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்தபோது ஜன்னலோர மேசை காலியாகத்தான் இருந்தது. முப்பத்தொரு வருஷம் ஞாயிறு தவறாமல் அவரும் மனைவி ஒலிவாவும் உட்கார்ந்த இடம். ஒலிவா இறந்து ஏழு மாதமாகிறது. இன்று இங்கே தனியாகச் சாப்பிட்டு எழ முடியாவிட்டால் இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு கட்டித்தான் வந்திருந்தார்.

“ஒரு ஆம்லெட் போதும்,” என்றார்.

டெல்ஃபினா இடுப்பில் கைவைத்தாள். “ஞாயித்துக்கிழமை என் கடைக்கு வந்து ஆம்லெட்டா? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“பலகையில எழுதி மாட்டியிருக்கியே, கொசீதோ ரெண்டு பேருக்குக் குறைஞ்சு கிடையாதுன்னு.”

“அது எங்கம்மா எழுதினது, அழிச்சா ஆவியா வந்து அடிப்பா. நானும் இன்னும் சாப்பிடலை. ரெண்டு பேரு ஆச்சா?” ஒலிவாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கறியும் கடலையும் ஒரே சட்டியில் வேகும் கொசீதோவை அந்த ஊரில் தலைகீழாகத்தான் சாப்பிடுவார்கள். முதலில் பன்றிக்காதும் காலும் உப்புக்கண்டமுமாகக் கறித்தட்டு. பிறகு கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ். சூப் கடைசியில். மிஞ்சினால் சூப் மிஞ்சட்டும் என்பார்கள். பெலார்மினோ கறியிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வார். ஒலிவா ஒரு துண்டுக் காது, நாலு கடலையோடு நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். சூப் வந்ததும் அவர் தன் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளுவார். “கறியைக் கண்டா உனக்குக் கண்ணு தெரியாதே,” என்பாள். ஒருநாளும் அவர் அதை ருசி பார்த்ததில்லை.

டெல்ஃபினா பாதிச் சாப்பாட்டில் மூன்று முறை எழுந்து ஓடினாள். ஒருவருக்கு ரொட்டி, இன்னொருவருக்கு ஒயின். கடைசியில் சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி அடுக்களைக்குப் போனாள்.

அவர் கை தானாகக் கிண்ணத்தை எதிர்ப்பக்கம் தள்ளியது. தள்ளிய பிறகுதான் நிமிர்ந்தார். நாற்காலி காலி. கிண்ணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மேசைமேல் இருந்த தொப்பியைக் கையில் எடுத்துவிட்டார்.

பிறகு என்ன தோன்றியதோ, கிண்ணத்தைத் திரும்ப இழுத்தார். ஒரு கரண்டி. சேமியா குழைந்திருந்தது. அதுவரை தின்ற கறி, கடலை எல்லாவற்றின் சாரமும் அதில் இறங்கியிருந்தது.

திரும்பி வந்த டெல்ஃபினா வாயைப் பிளந்தாள். “நீயா சூப் குடிக்கிறே?”

“இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னாளா பாரு, களவாணி,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இன்னும் இருக்கா?”

“சட்டி நிறைய இருக்கு. அடுத்த ஞாயிறாவது கறியைக் கம்மியா தின்னு.”

அவர் தொப்பியைக் கீழே வைத்தார்.