டாக்டரம்மா கூண்டில் இருக்கிறார்

டாக்டர் யாரிஸ்பெல் பெரிய நாய்க் கூண்டுக்குள் நுழைந்தது, ஐந்து நிமிடம் அழுதுவிட்டு வரலாம் என்றுதான். கொரோனா வந்ததிலிருந்து டேவிட் நகரத்து அந்தச் சின்னப் பிராணி மருத்துவமனையில் அழுவதற்கு வேறு இடமே இல்லை. கழிவறையைக் கிருமிநாசினி கேன்கள் அடைத்துக்கொண்டிருந்தன. முன்னறைக் கண்ணாடியிலோ, தெருவில் நிறுத்தி வைக்கப்பட்ட நாய்க்காரர்களும் பூனைக்காரர்களும் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

உட்கார்ந்த வேகத்தில் கதவு ஆடிச் சாத்திக்கொண்டது. வெளிக் கொக்கி தானாக விழுந்தது. உதவியாளர் எடில்பெர்த்தோ வாசலில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட வாயெடுத்த நேரத்தில் கைபேசி அடித்தது. கால்நடை மருத்துவர் சங்கம் நடத்தும் மன அமைதி வகுப்பு. திரையில் பத்துப் பதினைந்து வாடிய முகங்கள்; நடுவே மனநல ஆலோசகர் நேரெய்தா.

"யாரிஸ்பெல், இப்ப எங்க இருக்கீங்கன்னு உணர்றீங்க?"

"கூண்டுக்குள்ள."

"ஆஹா! தைரியமாச் சொன்னீங்க. கதவு?"

"பூட்டிக்கிச்சு. கொக்கி வெளிப்பக்கம் இருக்கு."

"வெளிய யாரோ வச்ச கொக்கின்னு தோணுது, இல்லையா?"

"எடில்பெர்த்தோதான் வச்சான். போன வருஷம்."

நேரெய்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மலைப்பக்கத்து பொகெதேயில் மாட்டு வைத்தியம் பார்க்கும் கிழவர் ரிகோபெர்த்தோ, "நானும் கூண்டுலதாம்மா இருக்கேன்" என்று விம்மினார். அடுத்தடுத்து எல்லோரும் அப்படியே சொன்னார்கள். "நெசமாவே கம்பி இருக்குய்யா!" என்று யாரிஸ்பெல் கம்பியைத் தட்டிக் காட்டியதும் அழுகை இன்னும் கூடிப்போயிற்று. கைபேசியை அணைத்துவிட்டாள்.

எடில்பெர்த்தோ ஒரு ராட்வைலரை இழுத்துக்கொண்டு வந்து நின்றான். பெயர் போயோ, காதில் சீழ். இரண்டு பேரைக் கடித்த நாய்.

"டாக்டரம்மா, இது போயோவுக்கு ஒதுக்குன கூண்டு."

"அதையும் உள்ள விடு. நான் வெளிய வரல."

"கடிக்கும்மா!"

"கடிக்கட்டும். அப்பவாவது லீவு கெடைக்கும்."

அவன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கதவைத் திறந்தான். போயோ அவளை முகர்ந்தது. பெருமூச்சு விட்டது. தன் முழுக் கனத்தையும் அவள் மடியில் இறக்கிச் சாய்ந்தது. அவள் அழலாம் என்று நினைத்தாள்; அதற்குள் தூங்கிப்போனாள்.

நாயின் சொந்தக்காரி சொரைதா தெருவில் கத்திக்கொண்டிருந்தாள். "எங்கய்யா உங்க டாக்டரு? நாயை வாங்கிட்டுப் போய் எவ்வளவு நேரம்!"

எடில்பெர்த்தோவுக்குப் பொய் வராது. "கூண்டுல உங்க நாயோட தூங்குறாங்க."

"ஐயையோ! கடிக்கலையா?"

"இல்ல. கொறட்டை விடுது."

"நாயா?"

"ரெண்டும்தான்."

சொரைதா திரும்பி நின்று வரிசையைப் பார்த்துக் கையை விரித்தாள். "எல்லாரும் தள்ளிப் போங்க! டாக்டரம்மா அட்மிட் ஆயிருக்காங்க." யாரும் சண்டைக்கு வரவில்லை. டாக்டரை நிற்கவிடாமல் விரட்டுகிறவர்கள்தான், டாக்டரே நோயாளி என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருவர் கோழிச்சாறு கொடுத்தனுப்பினார். ஒரு பூனைக்காரி, "பாவம், என்ன வயசு?" என்று விசாரித்தாள்.

சாயங்காலம் யாரிஸ்பெல் விழித்து, படுத்தவாக்கிலேயே போயோவின் காதைச் சுத்தம் செய்தாள். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நாயைத் திருப்பிக் கொடுத்தபோது சொரைதா கேட்டாள்: "ஒடம்பு இப்ப எப்படி இருக்கு, டாக்டரம்மா?"

"நல்லா இல்ல" என்றாள் யாரிஸ்பெல். அப்படிச் சொன்னதே இதமாக இருந்தது.

அடுத்த வகுப்புக்கு ரிகோபெர்த்தோ கன்றுத் தொழுவத்திலிருந்து வந்தார், வைக்கோலில் காலை நீட்டிக்கொண்டு. வேறு சிலரின் முகத்துக்குப் பின்னாலும் கம்பிகள் தெரிந்தன. வகுப்பு முடிந்ததும் நேரெய்தா யாரிஸ்பெலைத் தனியாக அழைத்தாள். தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"டாக்டர், நான் கொஞ்சம் உயரம். எனக்கு எந்த சைஸ் சரியா வரும்?"

யாரிஸ்பெல் சிரிக்கவில்லை. "ஊரடங்குல புதன்கிழமை பொம்பளைங்க மட்டும் வெளிய வர்ற நாள்தானே, கெளம்பி வாங்க. காலை மடக்கிக்கிட்டா தாராளமாப் பத்தும்."