லாக்கப்புக்குக் கஞ்சி

சுருளியம்மாளைப் பைத்தியக்காரி என்று சொன்னவர்கள் வாயில் இடி விழட்டும். அவளோடு ஏலத்தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தவள் இந்த மாரித்தாய். எனக்குத் தெரியாத சங்கதியா?

அவள் புருஷன் பெரியமுத்து ஏலக்காய் திருடினான் என்று மகாராஜா போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காய்ச்சலில் செத்தான் என்று பாயில் சுருட்டித் திருப்பித் தந்தது. காய்ச்சல் வந்தவனுக்கு விலா எலும்பு உடையுமா? மனுக் கொடுத்தோம். விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட், "உள்ளே நடந்ததைப் பார்த்தவர் உண்டா?" என்று கேட்டார். பூட்டிய அறைக்குள் யார் எட்டிப் பார்ப்பது? சாட்சி இல்லை என்று கேஸை மூடிவிட்டார்கள். முந்தின வருஷம் எங்கள் லயத்துப் பிலோமியின் தம்பி சுவக்கீன் அதே லாக்கப்பில் செத்தபோதும் இதே கதைதான்.

"இனிமே உள்ள போற ஒவ்வொருத்தனையும் நான் பாக்கணும் மாரி. பாக்குற கண்ணு ஒண்ணு இருந்தா அடிக்கிற கை கூசும்ல?" என்றாள் சுருளி.

அடுத்து ஒருவனைப் பிடித்துப் போட்டதுமே தூக்குச்சட்டியில் கஞ்சியோடு போய் நின்றாள். கைதிக்குச் சோறு கொண்டுவருவது வீட்டார் பாடு. நாதியற்றவனுக்கு ஸ்டேஷன்காரர்கள்தான் கைக்காசில் போட வேண்டும். அதனால் ஏட்டு சகாயம் சந்தோஷமாகக் கை நீட்டினார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். பெரியமுத்து செத்த அன்றைக்கு டூட்டியில் இருந்துகொண்டே, தனக்கு ஒன்றும் தெரியாது என்று சாதித்த மனுஷர்.

"சட்டியக் குடுக்க முடியாதுய்யா. நானே ஊத்தி, அவன் குடிக்கிறதப் பாத்துட்டுத்தான் போவேன்."

ஒருவன் கஞ்சி குடிப்பதைப் பார்த்தால் போதும், எங்கே அடி விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கை தூக்க வருகிறதா, குனிந்தால் முனகுகிறானா, எல்லாம் கம்பிக்கு வெளியே நின்று பார்ப்பாள். பார்த்ததை வண்டன்மேட்டுச் சந்தையில் நின்று உரக்கச் சொல்வாள். அப்புறம் பிலோமியும் சேர்ந்துகொண்டாள். அரிசிக்கு எங்கள் லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு பிடி போட்டோம்.

ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஆவணியில் எங்கள் தோட்டத்து மொக்கையனைப் பிடித்தார்கள். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர், "இதென்ன சத்திரமா? விரட்டு!" என்றார். சுருளி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மழை கொட்டியது. லத்தியை ஓங்கினார்கள். "மொக்கையன் மொகத்தக் காட்டுங்க, போயிர்றேன்" என்றாளே தவிர, இம்மியும் நகரவில்லை, மகராசி.

நான் தோட்டத்துக்கு ஓடினேன். "கூடையக் கீழ வைங்கடி! சுருளி அங்க நனையுறா, இங்க நமக்குக் காய் ஒரு கேடா?"

அத்தனை பேரும் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டோம். பருவம் தப்பினால் காய் செடியிலேயே வெடித்துவிடும். முதலாளி பதறிப்போனார். மறுநாள் அவரே மலைக்கு மேலே இருக்கிற கச்சேரிக்குப் போய் மாஜிஸ்திரேட்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். கதவு திறந்தது. மொக்கையனுக்குக் கை வீங்கிக் கிடந்தது, ஆனால் உயிர் இருந்தது. இந்தத் தடவை பார்த்த சாட்சி மாஜிஸ்திரேட்டேதான்! இன்ஸ்பெக்டரை வேறு ஊருக்குத் தூக்கியடித்தார்கள். கைதியைத் தினமும் வெளியாள் பார்க்கலாம், யாரும் தடுக்கக் கூடாது என்று எங்கள் ஸ்டேஷனுக்கு உத்தரவும் வந்தது.

உத்தரவு வந்த மறுநாள் நானும் அவளோடு போனேன். லாக்கப் காலி. "இன்னைக்கு ஆளில்ல தாயி" என்றார் சகாயம்.

"இருக்கட்டும். தெறங்க."

திறந்தார். சுருளி முதன்முதலாக உள்ளே போனாள். நாலு சுவரையும் பார்த்தாள். திரும்பி, "எங்க வீட்டுக்காரரு எந்த மூலையிலய்யா கெடந்தாரு?" என்று கேட்டாள்.

ஒன்றும் தெரியாது என்பார், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் சகாயம் கையை நீட்டிக் காட்டினார்.

"அந்தா, சன்னலுக்குக் கீழ. தண்ணி கேட்டாரு தாயி. அப்ப இருந்த இன்ஸ்பெக்டர் குடுக்க விடல."

சுருளி அங்கே போய் உட்கார்ந்து அந்தத் தரையைத் தடவிக் கொடுத்தாள். எனக்குத்தான் கண்ணீர் கண்ணை மறைத்தது. தரையிலிருந்து நிமிர்ந்து, "இத மாஜிஸ்திரேட்டுகிட்ட சொல்லுவீகளா?" என்றாள்.

"சொன்னா எனக்கு வேல போயிரும் தாயி."

"ஆமாய்யா, போகும்" என்று எழுந்தாள் சுருளி. தூக்குச்சட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். "இதக் குடிச்சிட்டுப் பொறப்படுங்க. மல ஏறணும்ல."